டிஷ்யூ பாக்கெட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது

மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி.
வேலை, எண்ணுவது.

புக்கிட் பாத்தோக்கில்
இரண்டு புளோக்குகளுக்கு நடுவே
புதிதாய்த் திறந்த சதுக்கத்தில்
மாலை நான்கிலிருந்து எட்டுவரை
கடப்பவர், நிற்பவர், அமர்பவர்.
தாளில் மூன்று கட்டம், கையில் ஒரு கிளிக்கர்,
கழுத்தில் என் பெயரின் கடைசி எழுத்தை
விழுங்கிவிட்ட அட்டை.
தவமலர் நான். அட்டைக்குத் தவமலா.

முதல் நாள்
கடப்பவர் அறுநூற்றுப் பன்னிரண்டு.
நிற்பவர் நால்வர்: மூவர் வழி தேடியவர்கள்,
ஒருவருக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது.
அமர்பவர் சுழியம்.

குறை சொல்ல முடியாத சதுக்கம்.
மெருகிட்ட கருங்கல் இருக்கைகள்,
யாரும் படுத்துவிடாதபடி
ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்புக் கை.
நான்கு மணிக்கு அதில் தோசை வார்க்கலாம்,
ஏழுக்குத் திருப்பிப் போடலாம்.
தூணில் நான்கு மொழி அறிவிப்பு.
தமிழில் ஒரு துணைக்கால் விழுந்து
'பந்து விளையாடதே' என்றிருக்கிறது.
பிழையான தமிழுக்கும் கட்டுப்பட்டு
ஒரு பந்தும் வரவில்லை.

திரு. லியோங் வந்து நெற்றியைத் தடவினார்.
"செடி போதவில்லையோ?"
மறுநாள் தொட்டிச் செடிகள் வந்தன.
மக்கள் செடிகளைச் சுற்றிக் கடந்தார்கள்.

ஆறாம் நாள் ஃபஸ்லி வந்தான்,
முதுகில் உணவு விநியோகப் பை,
அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பவன்.
குப்பைத் தொட்டியருகே யாரோ கழித்துப்போட்ட
நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து
தூங்குமூஞ்சி மரத்தடியில் போட்டான்,
சதுக்கத்தின் கோட்டுக்கு மூன்றடி வெளியே.
லியோங்கைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"கோட்டுக்கு வெளியே என்றால் எண்ணாதீர்கள்."

நிழல் நகர்ந்தது. எழுந்து, நாற்காலியை
ஒரு சாண் நகர்த்தி உட்கார்ந்தான்.
மறுபடி ஒரு சாண்.
கருங்கல்லுக்குக் கைவராத வித்தை.
ஐந்து இருபதுக்கு நிழல் கோட்டைத் தாண்டிற்று,
நாற்காலி பின்னாலேயே வந்தது.
கிளிக்.

பிறகு வேறொரு நாற்காலி, சிவப்பு, முதுகில்லாதது.
அதில் சியூ கிம் அக்கா தவ்கே வால் கிள்ளினார்.
ரொவீனா முதலாளியம்மாவின் நாயோடு வந்தாள்,
நாய் படுத்துக்கொண்டதால் தானும் அமர்ந்தாள்.
லிஃப்ட் மாற்றும் வேலைக்கு வந்த ஆசைத்தம்பி
ஓரமாய் நின்றபடியே இருந்தார்.
"இங்க நாங்க உக்காரலாங்களா?"
என் கழுத்து அட்டையைப் பார்த்துக் கேட்டார்.
அந்த 'நாங்க'வில் எத்தனை பேர் என்று
கிளிக்கருக்குத் தெரியாது.
"உக்காருங்க. எனக்கு ஆள் குறையுது," என்றேன்.

பதினோராம் நாள் காலை
நாற்காலிகளை லாரி அள்ளிப்போயிருந்தது.
மாலையில் வந்தவர்கள்
அவை இருந்த இடத்திலேயே நின்றார்கள்.
நிற்பவர் பத்தொன்பது.
"முன்னேற்றம்தான்," என்றார் லியோங்.
பிறகு வெறும் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
என்ன நினைத்தாரோ,
லாரிக்காரருக்குப் போன் போட்டார்.

நேற்று, பதினான்காம் நாள்.
மீண்டு வந்த நீல நாற்காலியில் ஆளில்லை.
ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும்.
சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிப்பதுபோல்
யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டு
கோப்பி ஓ கோசோங் வாங்கப் போயிருக்கிறார்.
கருங்கல் இருக்கைகள் அத்தனையும் காலி.
இருந்தும் இந்த ஒன்று
பறிபோகுமோ என்று ஒருவருக்குப் பயம்.

கடக்கவில்லை, நிற்கவில்லை, அமரவில்லை.
தாளின் ஓரத்தில் கையால் கோடிழுத்து
நான்காவது கட்டம் போட்டேன்:
'வருவார்.'
ஒன்று.

ஏழே முக்காலுக்கு மழை.
எல்லாரும் புளோக் அடிக்கு ஓடினோம்.
ஓடுகிற போக்கில் யாரோ
அந்தப் பாக்கெட்டை எடுத்து
நாற்காலிக்கு அடியில்
நனையாமல் வைத்துவிட்டுப் போனார்.
யாரென்று கவனிக்கவில்லை.
தாளை மார்போடு அணைத்திருந்தேன்,
மை கரையக் கூடாதே.